அமெரிக்கக் கம்பஸில் கோடைப் படிப்பு: நான்கு இலட்சம் முற்பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் ஓ.எல் முடித்து இப்போது ஏ.எல் உயிரியல் பிரிவில் முதலாம் வருடம். அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் கோடைப் படிப்புக்கு அனுப்புவதாக யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சி சொல்கிறது. சுற்றுலா விசா போதுமாம், பிறகு அங்கேயே அட்மிஷன் சுலபமாம். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு இலட்சம் முற்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? – ஒரு தாய், கொக்குவில்

கட்ட வேண்டாம், அம்மா. அப்படியான படிப்பு இருப்பது உண்மை. சுலப அட்மிஷன், சுற்றுலா விசா என்பவை காசு வாங்குவதற்கான கதை.

அமெரிக்காவில் யூன் கடைசி தொடக்கம் ஓகஸ்ட் வரை வகுப்பறைகளும் விடுதிகளும் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் உயர்பள்ளி மாணவர்களைச் சேர்த்துப் பல்கலைக்கழகங்கள் வருமானம் பார்க்கின்றன. ஹார்வர்ட், பிரவுண், கொலம்பியா எல்லாமே நடத்துகின்றன. முழுக் கட்டணமும் கட்டக்கூடிய, ஓரளவு நல்ல பெறுபேறுள்ள பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரிய வித்தையில்லை. பட்டப்படிப்புக்கு இடம் கிடைப்பது வேறு கதை. கோடையில் படித்தால் பிறகு அனுமதி உறுதி என்று எந்த நல்ல பல்கலைக்கழகமும் சொல்லாது. கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, தரும் பாடமென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது உண்மையான பல்கலைக்கழகப் பாடம். பிள்ளை அதில் கோட்டை விட்டால் அந்தப் பெறுபேறு பதிவில் நிற்கும், பின்னர் வேறெங்கும் விண்ணப்பிக்கும்போதும் காட்டவேண்டி வரும்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்தக் கோடைப் படிப்பால் ஒரு சதப் பெறுமதியும் இல்லை. அரச பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிகிறது. மூன்றையும் தீர்மானிப்பது ஏ.எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி. பிள்ளை விடுமுறையில் ஆய்வுகூடத்தில் நின்றாலென்ன, ரியூட்டரி வாங்கில் இருந்தாலென்ன, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஓகஸ்ட் விடுமுறையில் ஏ.எல் பிள்ளைகளை இரண்டு கிழமை உள்ளே எடுத்துக் கற்பித்தால் ஏஜென்சிகளின் பாதி வியாபாரம் படுத்துவிடும். யார் செய்யப்போகிறார்கள்?

படிப்பை நடத்துவது யார் என்பதையும் பாருங்கள். வளாகத்தில் நடப்பதெல்லாம் பல்கலைக்கழகம் நடத்துவதல்ல. கட்டடத்தையும் விடுதியையும் வாடகைக்கு எடுத்துத் தனியார் கம்பனிகள் நடத்தும் முகாம்கள் அமெரிக்காவிலும் உண்டு, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் நகரங்களிலும் ஏராளம். "உங்கள் பிள்ளை தெரிவுசெய்யப்பட்டுள்ளார்" என்று தங்க முத்திரையோடு வரும் கடிதம் பெரும்பாலும் விளம்பரம்தான். விண்ணப்பப் பக்கத்தின் இணைய முகவரி அமெரிக்காவென்றால் இ.டி.யு என்று முடியவேண்டும். பிரித்தானியாவென்றால் ஏ.சி, அடுத்து யு.கே. பணம் போகும் கணக்கும் பல்கலைக்கழகம் தன் பக்கத்தில் சொல்வதாக இருக்கவேண்டும்.

இனி விசா. சாதாரண வழி எஃப்-1 மாணவர் விசா. பல்கலைக்கழகம் முதலில் பிள்ளையின் பெயருக்கு ஐ-20 என்ற, மாணவராகச் சேர்த்துக்கொண்டதைக் காட்டும் படிவத்தை அனுப்பும். அதில் 'என்' எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து 350 டொலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணத்தை நீங்களே இணையத்தில் கட்டலாம். பிறகு டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டொலர் விசாக் கட்டணம், கொழும்பு கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் நேர்முகம். ஐ-20 வருமுன் ஏஜென்சி "விசாச் செலவு" என்று கேட்டால் அந்தக் காசு விசாவுக்குப் போகவில்லை. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் இரண்டு கட்டணமும் சேர்ந்து ஒரு இலட்சத்து அறுபதாயிரம்தான் வருகிறது. இதற்கிடையில் பத்து நிமிட நேர்முகத்துக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இரவு பஸ் ஏறவேண்டியிருக்கிறது.

சுற்றுலா விசாவில் படிக்க ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்சிகள் பிடித்துத் தொங்குவது அதைத்தான், ஆகவே விளங்கிக்கொள்ளுங்கள். பயணத்தின் நோக்கம் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்ப்பதாகவோ இருக்கவேண்டும். படிப்பு அதற்கிடையில் பொழுதுபோக்காக வரவேண்டும். கிரெடிட் எதுவும் இருக்கக்கூடாது. வகுப்பு கிழமைக்கு 18 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் சரிவராது. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை நாளுக்கு மூன்றரை மணித்தியாலம் என்றால் பதினேழரை, எல்லைக்குள். நான்கு என்றால் இருபது, எல்லை தாண்டியாயிற்று. ஆய்வுகூட நேரத்தையும் கூட்டுங்கள். மணித்தியாலம் குறைவாக இருந்தாலும் கிரெடிட் இருந்தால் எஃப்-1 கட்டாயம். உங்கள் மகள் போவது படிப்புக்கென்றே, அதனால் இந்த விதிவிலக்கு அவளுக்குப் பொருந்தாது. சந்தேகமென்றால் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டு, "ஐ-20 தருவீர்களா, இல்லையென்றால் எந்த விசாவில் வரவேண்டும்" என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

ஐ-20 பெற வங்கிக் கூற்று காட்டவேண்டும். ஏஜென்சி இரண்டு கிழமைக்கு உங்கள் கணக்கில் காசு போட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லும். தயவுசெய்து உடன்படாதீர்கள். பொய்யான ஆவணமென்று விசா அதிகாரி முடிவெடுத்தால் அது வெறும் நிராகரிப்பல்ல, அமெரிக்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை. தடை விழுவது பிள்ளையின் பெயரில். காசு போட்டவர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். சுவரில் மாட்டியிருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக அனுமதிப்பத்திரத்தைக் கண்டும் நம்பவேண்டாம். அது வேலைக்கு ஆள் அனுப்ப, பிள்ளையைப் படிக்க அனுப்ப அல்ல.

உண்மைச் செலவு: இரண்டு கிழமைப் படிப்பே பெயர்பெற்ற இடங்களில் 5,000 டொலருக்கு மேல், ஏழு கிழமை தங்கிப் படித்தால் 10,000 தாண்டும். விமானச் சீட்டு வேறு. அவ்வளவு காசு கையில் இல்லையென்றால் அமெரிக்காவின் டெலுரைட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கோடைக் கருத்தரங்குக்கு மகள் தானே விண்ணப்பிக்கட்டும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். கேட்பது கட்டுரைகள், விஞ்ஞானம் கிடையாது, இலக்கியம், வரலாறு, சமூகம் சார்ந்த வாசிப்பு. கடும் போட்டி, ஆங்கிலம் நன்றாக வேண்டும். ஏஜென்சி இதைச் சொல்லாது, தரகு இல்லை.

யூன், யூலை நம் பாடசாலைத் தவணைக் காலம். பாடசாலை மூலம் ஏ.எல் தோற்ற 80 வீத வரவு வேண்டும். அதிபரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் சீட்டு எடுக்காதீர்கள்.

இன்றைக்கே செய்யவேண்டியது, போய்க் கடவுச்சீட்டை வாங்குவது. படிவம் நிரப்ப அதன் விபரங்கள் போதும், மூலப் பிரதி நேர்முகத்துக்குத்தான் தேவை. ஏஜென்சிக்காரர் அதைப் பிடித்து வைக்க எந்த உரிமையும் இல்லை. தர மறுத்தால் கடவுச்சீட்டு இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். ஏற்கெனவே ஏதும் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டின் பிரதியையும் கொண்டுபோங்கள்.