பேசாமல் வேலை பார்க்கும் பெண்கள்

"பெண்களின் மனவுலகைச் சொல்லும் ஜெர்மன் மொழிப் படங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. சப்டைட்டிலை நம்பி, இரவுச் சாப்பாடு முடிந்தபின் பார்க்கிற ஆள் நான். பாதியில் தூங்கிப்போன படங்களும் உண்டு. அவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருக்கிறேன்.

முதலிடம் 'பார்பரா'வுக்கு. கிறிஸ்டியான் பெட்சோல்ட் இயக்கி 2012-இல் வந்தது. கதை நடப்பது 1980-இல், கிழக்கு ஜெர்மனியில். மேற்கே போக அனுமதி கேட்ட குற்றத்துக்காக, பெர்லினில் பெரிய மருத்துவமனையில் இருந்த ஒரு டாக்டரைக் கடலோரச் சிற்றூருக்குத் தூக்கியடிக்கிறார்கள். அறையில் எந்த நேரமும் சோதனை, உடம்பிலும் சோதனை. பார்பராவாக வரும் நீனா ஹாஸ் படத்தில் சிரிப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாப்பாட்டு வேளையில்கூடத் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அம்மா பக்கத்தில் துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். "இந்தப் பெண்ணுக்கு என்ன இத்தனை கர்வம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அப்போதுதான் சிறார்களை அடைத்து வேலை வாங்கும் முகாமிலிருந்து தப்பியோடிய ஸ்டெல்லா என்ற சிறுமியைப் போலீசார் இழுத்து வருகிறார்கள். நோய் என்று நடிக்கிறாள் என்பது மற்றவர்களின் எண்ணம். பார்பரா அவளைப் பிடித்திருப்பவர்களை விலக்கிவிட்டு, தொட்டுப் பார்த்து, மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடிக்கிறாள். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "கர்வமெல்லாம் இல்லை. வேலை தெரிந்தவள்." அதன்பிறகு படம் முடியும்வரை ஒரு துணியும் மடிக்கப்படவில்லை.

அதே படத்தில் இன்னொரு இடம். மேற்கு ஜெர்மனிக் காதலன் ஒரு ஓட்டல் அறையில் அவளை ரகசியமாகச் சந்திக்கிறான். அங்கே வந்துவிட்டால் நீ வேலைக்கே போக வேண்டியதில்லை, என் சம்பாத்தியம் போதும் என்கிறான். பாவம், ஆசையாகத்தான் சொல்கிறான். அவள் பதிலுக்கு ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைத்துப் போகத் துடித்த ஊர் அந்த நொடியில் கொஞ்சம் தூரமாகிவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ஒரு பெண் தன் மனதை விளக்கிச் சொல்லும் படத்தைவிட, அவள் கை என்ன செய்கிறது என்று காட்டும் படம் எனக்கு அவளை நெருக்கமாக்குகிறது.

'டி வாண்ட்', அதாவது 'சுவர்' (2012), இந்த அளவுகோலில் பாதி தேறும், பாதி தேறாது. ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபர் 1963-இல் எழுதிய நாவலின் திரைவடிவம். மலை மேல் வேட்டைக் குடிலில் தங்கும் ஒருத்தியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. இனி அவளும், ஒரு நாயும், பசுவும், பூனையும்தான். அவள் புல் அறுக்கும்போதும் பால் கறக்கும்போதும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் பின்னணியில் அவள் குரல் படம் நெடுக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறது. கொஞ்சம் பேசாமல் இரு தாயே என்று சொல்லத் தோன்றியது. நாவலை நேசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

மாரன் ஆடே இயக்கிய 'டோனி எர்ட்மன்' (2016) 162 நிமிடம். நான் இரண்டு இரவுகளில் பார்த்தேன். இனஸ், ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் கார்ப்பரேட் ஆலோசகர். ஆட்குறைப்புக்கு வழி சொல்லிக் கொடுப்பது அவள் தொழில். பொய்ப்பல்லும் டோப்பாவும் மாட்டிக்கொண்டு அவளுடைய அப்பா வேலையிடத்தில் வந்து நிற்கிறார். சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது. ஒரு ருமேனிய வீட்டில், அறிமுகமே இல்லாதவர்கள் முன்னால், அப்பா கீபோர்டு வாசிக்க, விட்னி ஹூஸ்டன் பாட்டு ஒன்றை அவளைப் பாட வைக்கிறார். முதலில் வேண்டாவெறுப்பு. பிறகு தொண்டை கிழியப் பாடுகிறாள். பாடி முடித்ததும் கைதட்டலுக்குக்கூட நிற்காமல் ஓடிவிடுகிறாள். இனஸாக வரும் சாண்ட்ரா ஹுல்லர் வேறு எதிலும் நடித்திருக்காவிட்டாலும் இந்த ஒரு பாட்டு போதும். அம்மா இதைப் பார்க்கவில்லை. பிறந்தநாள் விருந்துக் காட்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நானே அழைக்கவில்லை.

ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் பெயரைச் சொல்லாமல் விட்டால் யாராவது கோபிப்பார்கள். 'பயம் ஆன்மாவைத் தின்கிறது' (1974) படத்தின் எம்மி, துப்புரவு வேலை செய்யும் விதவை. தன்னைவிட மிக இளையவரான மொராக்கோ தொழிலாளியை மணக்கிறாள். உடன் வேலை செய்பவர்கள் அவளைப் படிக்கட்டில் தனியே விட்டு, தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லாம் சரியான பிறகு, புதிதாக ஒரு யூகோஸ்லாவியப் பெண் வேலைக்கு வருகிறாள். அதே படிக்கட்டு, அதே சாப்பாட்டு நேரம். இப்போது அவளை ஒதுக்குகிறவர்களோடு எம்மியும் உட்கார்ந்திருக்கிறாள். நல்லவளாகவே வைத்திருந்த ஒருத்தியை இவ்வளவு சாதாரணமாகக் கீழே இறக்கிக் காட்ட நெஞ்சுரம் வேண்டும்.

அவருடைய 'பெட்ரா ஃபான் கான்டின் கசப்பான கண்ணீர்' (1972) தான் நான் தூங்கிப்போன படம். ஒரே வீட்டுக்குள் ஆடை வடிவமைப்பாளர் பெட்ரா காதலித்து, அழுது, குடித்து, பேசுகிறாள், பேசுகிறாள். மறுபடி உட்கார்ந்தபோது பெட்ராவை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் உதவியாளர் மார்லேனேவைப் பார்க்க ஆரம்பித்தேன். வரைவது, தட்டச்சு செய்வது, கொண்டுவந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் எல்லாம் இழந்த பெட்ரா முதல்முறையாக அவளிடம் கனிவாக, உன் வாழ்க்கையைப் பற்றிச் சொல் என்கிறாள். மார்லேனே எழுந்து போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பிக்கிறாள்.

அதில் என்னென்ன எடுத்து வைக்கிறாள் என்று பார்ப்பதற்காக அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.