அரை மில்லியில் நாலு வகை

கேள்வி: தடுப்பூசிகளில் என்னென்ன வகை இருக்கிறது? சிலது ஒரு தடவையோடு முடிகிறது, சிலதை மூன்று தடவை போடுகிறார்களே, ஏன்?

நான் டாக்டர் இல்லை, ஒரு குழந்தைக்கு அப்பா. மகளுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம். தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி, வலது கையில் ஒன்று, வாயில் சொட்டு மருந்து. அன்று ராத்திரி காய்ச்சலில் அழுதவளை மடியில் போட்டுக்கொண்டு, தடுப்பூசி அட்டையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அப்போது தெரிந்துகொண்டதுதான் இது.

இடது தொடையில் போட்டது பென்டாவேலன்ட். ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, அளவு அரை மில்லி. அதற்குள்ளேயே நாலு வகைத் தடுப்பூசி இருக்கிறது.

முதலில் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். இதில் ஆளைக் கொல்வது கிருமி அல்ல, அது கக்கும் நஞ்சு. அதனால் நஞ்சை மட்டும் எடுத்து, ஃபார்மால்டிஹைடு சேர்த்துப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கிறார்கள். இதற்கு டாக்சாய்டு என்று பெயர். தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) இதே வழிதான். ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. உடம்பு அடையாளம் கண்டுகொள்ளப் போதாத அளவு நஞ்சே உயிரை எடுத்துவிடும். அவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

கக்குவான் இருமலுக்கு, கொன்ற கிருமியை முழுசாகவே போடுகிறார்கள். ராத்திரி முழுக்க எங்களை உட்கார வைத்த காய்ச்சலுக்குப் பெரும்பாலும் இந்தப் பங்காளிதான் காரணம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கு வைரஸே தேவையில்லை. அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்தால், ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செய்து தந்துவிடுகிறது. நம் உடம்பு பார்ப்பது எதிரியின் சட்டையை மட்டும்.

எனக்குப் பிடித்தது ஹிப். மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் இந்த பாக்டீரியா, சர்க்கரையால் ஆன போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பு அந்தச் சர்க்கரையைச் சட்டை செய்யாது. ஆனால் புரதத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளும். ஆகவே சர்க்கரையை ஒரு புரதத்தோடு கோர்த்துக் கொடுக்கிறார்கள். கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்போமே, இங்கே வெல்லத்தைத்தான் பொதிய வேண்டியிருக்கிறது! வலது தொடையில் போட்ட நிமோனியா ஊசியும் இந்த ரகம்.

இந்த நாலிலும் உயிருள்ள கிருமி கிடையாது. உள்ளே போய்ப் பெருகாது, கொடுத்த அளவோடு சரி. அதனால்தான் 6, 10, 14 வாரம் என்று திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்க வேண்டியிருக்கிறது.

உயிரோடு கொடுப்பது வேறு கதை. கிருமி உள்ளே போய்ப் பெருகுவதால் சிலது ஒரே தடவையோடு முடிந்துவிடும். பிறந்ததும் இடது தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசி பிசிஜி அப்படிப்பட்டது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தை இறக்கினார்கள். 1921இல்தான் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். போட்ட சில வாரத்தில் அந்த இடம் பழுக்கும். எங்கள் வீட்டில் அம்மா மஞ்சள் பற்றுப் போடக் கிளம்பிவிட்டார். "ஒண்ணும் தடவாதீங்கம்மா, அதுவா ஆறிடும்" என்றார் நர்ஸ். ஆறியது, தழும்பு இருக்கிறது.

தட்டம்மை ஊசியும் உயிருள்ளதே. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த வைரஸை அடக்கிவிடும் என்பதால் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறார்கள். அப்படியும் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் அது பலிக்கும். ஒன்றரை வயது வாக்கில் போடும் இரண்டாவது ஊசி, முதலில் பலிக்காமல் போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. யாருக்குப் பலித்தது என்று பார்த்தால் தெரியாதே, எல்லோருக்கும் போட்டுவிடுகிறார்கள்.

போலியோவுக்கு இரண்டும் உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குடலிலேயே காவல் வைக்கும். ஆனால் மிக அரிதாக அந்த வைரஸுக்கு நோய் தரும் பழைய குணம் திரும்பிவிடும். அந்தக் குறைக்கு ஈடாக, கொன்ற வைரஸை வலது கையில் தோலுக்குள் 0.1 மில்லி போடுகிறார்கள்.

கோவிட் ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவாக்சின் கொன்ற வைரஸ். கோவிஷீல்டு, சிம்பன்சியின் சளி வைரஸ் ஒன்றை வண்டியாக்கி கொரோனாவின் ஒரு மரபணுவை ஏற்றி அனுப்பியது. ஃபைசர், மாடர்னா வகை, புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் எம்ஆர்என்ஏவாகக் கொடுத்தது. சமையல் நம் செல்லில்.

அப்புறம், காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று பென்டா தவணை தள்ளிப்போனால் பலர் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.