லத்தீன் கோடை முகாம்: படத்தில் இருக்கும் பேராசிரியரா உங்கள் பெண்ணுக்குப் பாடம் எடுக்கப் போகிறார்?

கேள்வி: நாங்கள் வடக்கு விர்ஜீனியாவில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளியில் இரண்டாம் வருஷ லத்தீன். கோடையில் மூன்று வாரம் தங்கிப் படிக்கும் லத்தீன் முகாம் ஒன்றுக்குப் போயே ஆக வேண்டும் என்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் கன்சல்டன்ட் சொன்ன முகாம்தான். அதன் வலைத்தளத்தில் நரைத்த தலைப் பேராசிரியர்கள் படமும் இருக்கிறது, இருபது வயசுப் பிள்ளைகள் படமும் இருக்கிறது. கட்டணம் 6,000 டாலர். இவர்களில் யார் பாடம் எடுப்பார்கள், ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள்? எதை நம்பிப் பணம் கட்டுவது?

பதில்: முதலில் அந்த நரைத்த தலைகளை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் மூன்று வாரத்தில் ஒரு சாயங்காலம் வந்து, ரோமானியக் கவிஞர் வெர்ஜில் பற்றி ஒரு மணி நேரம் பேசி, பிள்ளைகளோடு பீட்சா சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு வெள்ளைப் பலகை முன்னால் நிற்பவர் வேறு ஆள். ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் திறப்பவர் அவரும் இல்லை, மூன்றாவது ஆள். நீங்கள் விசாரிக்க வேண்டியது இந்த இரண்டாவது, மூன்றாவது ஆட்களைப் பற்றித்தான். வலைத்தளத்தில் அவர்களைப் பற்றி ஆளுக்கு ஒன்றரை வரி இருந்தால் அதிகம்.

பாடம் எடுப்பவர் பிஎச்.டி. மாணவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். பெற்றோர் எல்லோரும் பிஎச்.டி. என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நானே பிஎச்.டி. முடித்த கையோடு ஒரு கோடை முகாமில் பாடம் எடுக்கப் போனவன்தான், முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு லத்தீன் தெரியும், பதினைந்து வயசுப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று தெரியாது. பக்கத்து அறையில் ஒரு பள்ளி ஆசிரியை ஐந்தாம் வேற்றுமைத் தொடரைச் சமையல் குறிப்பு மாதிரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் வகுப்பிலிருந்து இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். அதனால் பட்டத்தைக் கேட்காதீர்கள். "இவர் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு முன்பு எத்தனை வருஷம் எடுத்திருக்கிறார், எந்தப் புத்தகம் வைத்து?" என்று கேளுங்கள். வீலாக் பாடநூல் என்றால் இலக்கணத்தை முன்னால் வைத்துப் போகிறவர். ஓர்பெர்க் என்றால் படித்துப் படித்தே பழக்குகிறவர். எதுவானாலும் சரி, பள்ளியில் உங்கள் பெண் படிப்பதற்கு நேர் எதிராக இருந்தால் மட்டும் முதல் வாரம் கொஞ்சம் திண்டாடுவாள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை என்றால் பாதிக் கஷ்டம் குறைவு. பெயரின் கடைசியில் ஒட்டி வேற்றுமை காட்டுவதும் வினையைக் கடைசிக்குத் தள்ளுவதும் நமக்குப் புதிதா என்ன? வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி வைத்துவிட்டுப் போன மனுஷன், அவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. திரும்பப் படியுங்கள், அந்தப் பல்கலைக்கழகம் 'நடத்துகிறது' என்று இருக்கிறதா, அங்கே 'நடைபெறுகிறது' என்று இருக்கிறதா? இரண்டும் ஒன்றில்லை. கோடையில் டார்ம், அதாவது மாணவர் விடுதி, காலியாகத்தான் கிடக்கும், வாடகைக்குக் கொடுப்பார்கள். லத்தீன் முகாமும் எடுக்கலாம், கூடைப்பந்து முகாமும் எடுக்கலாம், கல்யாணக் கூட்டம்கூட எடுக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் லத்தீன் துறைக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாமல் இருக்கும். கல்யாண மண்டபத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான்.

ஆசிரியர் பட்டியல் போன வருஷத்ததா என்றும் பாருங்கள். நான் விலகி இரண்டு கோடை போன பிறகும் ஒரு முகாமின் பக்கத்தில் என் படம் சிரித்துக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல் போட்டேன். ஏமாற்ற வேண்டும் என்று எல்லோரும் செய்வதில்லை. கோடை ஆசிரியருக்குக் கொடுக்கிற சம்பளம் அப்படி, ஒப்பந்தம் மே மாதம் வரைக்கும் கையெழுத்தாகாது, அதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆனால் பெற்றோரிடம் முன்பணத்தை மட்டும் பிப்ரவரியிலேயே வாங்கிவிடுவார்கள்.

இப்போது உங்கள் கன்சல்டன்ட். இவர்களில் சிலர் முகாம்களிடமிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்கள். நேராகக் கேட்டுவிடுங்கள், "இதில் உங்களுக்கு ஏதாவது வருகிறதா?" என்று. முகம் மாறினால் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் இருப்பது விர்ஜீனியா. பள்ளி மாணவர்களுக்கென்று கவர்னர் லத்தீன் அகாடமி என்ற பெயரில் தங்கிப் படிக்கும் மூன்று வாரக் கோடைப் படிப்பு உங்கள் மாநிலத்திலேயே உண்டு, பள்ளி வழியாகத்தான் பரிந்துரைக்க வேண்டும். இடம் கிடைப்பது சுலபமில்லை, ஆனாலும் விர்ஜீனியாவில் லத்தீன் படிக்கிற பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதானே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் அவர் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் யாருக்கும் கமிஷன் கிடையாது. நாளைக்கே பள்ளி லத்தீன் ஆசிரியரைப் பாருங்கள். இந்த வருஷம் தேதி போயிருந்தால் அடுத்த வருஷத்துக்குக் கேட்டு வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, 'உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்' என்று தங்க முத்திரை போட்டு வரும் கடிதம். ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் இருந்தால் அது எல்லா வீட்டுக்கும் வரும். ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம், வேறு பயன் இல்லை. கட்டணம் அதிகம் என்பதும் தரத்துக்குச் சாட்சி இல்லை. ரோமில் ரெஜினால்ட் ஃபாஸ்டர் என்ற கார்மலைட் பாதிரியார், வாடிகனில் லத்தீன் எழுதும் வேலை பார்த்தவர், 1985 முதல் கோடைதோறும் வருகிற எல்லோருக்கும் காசு வாங்காமல் லத்தீன் எடுத்தார். மரத்தடி வகுப்பு, வீட்டுப்பாடத் தாள், அவர் ஒருவர்தான் எல்லாம். இன்றைக்கு அமெரிக்காவில் லத்தீன் எடுப்பவர்களில் அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

ராத்திரிக்கு வருவோம். படத்தில் பார்த்த இருபது வயசுப் பிள்ளைகள்தான் டார்மில் இருப்பார்கள். அது தவறில்லை, பெரும்பாலும் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுதான் கேள்வி. அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுப்படி தங்கும் முகாமில் 15 முதல் 18 வயசு வரை பத்துப் பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர். அந்தச் சங்கத்தில் சேருவது கட்டாயமில்லை, ஆனால் அந்த எண்ணை வைத்துக் கேட்கலாம். "மாணவர் மொத்தம் எத்தனை, ராத்திரி டார்மில் தூங்குகிற ஊழியர் எத்தனை?" என்று கேளுங்கள். 'மொத்த ஊழியர்' என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதில் அந்தப் பீட்சா பேராசிரியரும் சேர்ந்திருப்பார். அப்புறம், பின்னணிச் சோதனை. 'எல்லோருக்கும் செய்கிறோம்' என்பார்கள். கைரேகை வைத்துச் செய்ததா, பெயரைத் தட்டித் தேடியதா? அரசுப் பள்ளியில் லத்தீன் எடுக்க வேண்டுமென்றால் உரிமம், தேர்வு, கைரேகை என்று எங்களை இழுத்தடிக்கிறார்கள். ஜூலை மாதம் அதே பிள்ளைகளை டார்மில் மூன்று வாரம் வைத்துக்கொள்கிறவருக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம், நாடு முழுவதற்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது. எனக்கு இது இன்றுவரை புரியவில்லை. மருந்து யார் கையில் கொடுப்பார்கள், சைவச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் ஒரு போன் பேசினால் தெரிந்துவிடும்.

ஆசிரியர் அடிக்கடி மாறினால் அந்த முகாம் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வேன். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதை விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல இடங்களை விட்டவர்கள் உண்டு. நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகத்தின் லத்தீன், கிரேக்க நிறுவனத்தில், 1973-ல் ஃபிளாய்ட் மோர்லண்ட் ஆரம்பித்தது, ஆசிரியர்கள் குழுவாகத்தான் எடுப்பார்கள், மாறி மாறித்தான் வருவார்கள், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷக் கல்லூரி லத்தீனையும் அதற்கு மேலும் பத்து வாரத்தில் முடிக்கிற இடம் அது. அதற்கென்றே எழுதிய பாடநூல் உண்டு, ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியர் போன் பக்கத்தில் இருப்பார். உங்கள் பெண்ணுக்கு இப்போது அது வேண்டாம், கல்லூரி வயசுக்காரர்களே அங்கே திணறுவார்கள். ஆனால் அந்த முறையைப் பார்த்து நடத்துகிற சிறிய முகாம்களும் இருக்கலாம், அங்கே ஆசிரியர் மாறுவது குறையில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? "இரண்டாம் வாரம் புதன்கிழமை என்ன பாடம், யார் எடுக்கிறார்?" என்று கேளுங்கள். குழுவாக எடுக்கிறவர்கள் பாடமும் பெயரும் ஒரு நிமிஷத்தில் சொல்வார்கள், வியாழக்கிழமை வருகிறவர் எங்கிருந்து தொடங்குவார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆள் கிடைக்காமல் ஓட்டையை அடைக்கிறவர்கள் 'எங்கள் ஆசிரியர் குழு மிகத் திறமையானது' என்பார்கள். முதல் வகை என்றால் தைரியமாக அனுப்பலாம். இரண்டாவது வகை என்றால் முன்பணம் கட்டியிருந்தாலும் திருப்பிக் கேளுங்கள்.

ஏ.பி. லத்தீனுக்கு, அதாவது பள்ளியிலேயே எழுதுகிற கல்லூரித் தரத் தேர்வுக்கு, தயார் செய்கிறோம் என்று உங்கள் முகாம் சொல்கிறது இல்லையா, அங்கேயும் ஒரு சின்னச் சோதனை உண்டு. 2025-26 பள்ளி ஆண்டிலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது. வெர்ஜில் இருக்கிறார், கட்டாயப் பாடத்தில் சீசருக்குப் பதில் பிளினியின் கடிதங்கள் வந்துவிட்டன. "ஏ.பி.க்கு உரைநடையில் யாரைப் படிப்பீர்கள்?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேளுங்கள். சீசர் என்று பதில் வந்தால் பழைய தாளையே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் காலை வகுப்பு ஆசிரியரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். போன் வேண்டாம், மின்னஞ்சலில். அப்புறம் அவரோடு உங்கள் பெண் பத்து நிமிஷம் வீடியோவில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். ரோமானியப் பேச்சாளர் Cicero-வின் பெயரை 'கிக்கெரோ' என்று சொல்வாரா 'சிச்செரோ' என்று சொல்வாரா என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள், முன்னது பழைய ரோமானிய உச்சரிப்பு, பின்னது கத்தோலிக்கத் தேவாலய உச்சரிப்பு. எது சொன்னாலும் பரவாயில்லை, ஏன் அப்படி என்று அவர் அவளுக்கு விளக்குகிற விதத்தில் வகுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். பேச நேரமில்லை என்று முகாம்காரர்கள் சொன்னால் அந்த மின்னஞ்சலை கன்சல்டன்ட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளி லத்தீன் ஆசிரியரைப் பார்க்கப் போங்கள்.