முகத்துவாரத்தில் யார் விலகணும்? ஒரு பழைய டிரைவரின் பதில்கள்

நாகப்பட்டினம் கடுவையாத்துல முப்பது வருசத்துக்கு மேல விசைப்படகு ஓட்டினவன் நான். முழங்கால் போனதால இப்ப கரையில உக்காந்திருக்கேன். துறைமுக நெரிசல்ல படகு ஓட்டுறது பத்தி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்றேன். டீசல் மானியம், சுருக்குமடி வலை பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அது வேற பஞ்சாயத்து.

பழையாறு, பைபர் படகுக்காரர்: அண்ணே, நாங்க மீனோட உள்ள வர்ற நேரத்துல விசைப்படகு வெளிய வருது. முகத்துவாரத்துல யாரு முதல்ல போகணும்?

குறுகலான வழியில எல்லாரும் அவங்கவங்க வலது கை ஓரமாப் போகணும்னுதான் கடல் விதி சொல்லுது. ஆனா மணல் மேடு விழுந்த முகத்துவாரத்துல ஓரம் எங்க இருக்கு? ஆழம் ஒரே கோடாத்தான் ஓடும். அந்தக் கோட்டை விட்டா விசைப்படகு தரை தட்டிரும். உங்க சின்ன பைபர் படகுக்கு இடுப்பளவு தண்ணி போதும். அதனால அவன் ஆழத்துல வந்துட்டான்னா நீங்க மேட்டோரமா ஒதுங்குங்க. 20 மீட்டருக்குக் குறைஞ்ச படகு, அந்த வழியை விட்டா வேற வழியில்லாத படகுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு விதியிலயே இருக்கு.

இதுக்கு மேல எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணு. வத்தத் தண்ணி, அதாவது கடல் வத்துறப்ப ஆத்துத் தண்ணி, வெளிய இழுக்கும்போது கடல் அலை எதுத்து வந்து முகத்துவாரத்துல செங்குத்தா எழும்பும். அப்ப உள்ள வர்றவனால நிக்க முடியாது. இஞ்சினைத் தணிச்சான்னா பின்னால வர்ற அலை பின்பக்கத்தைத் தூக்கி, படகைக் குறுக்கத் திருப்பிப் போட்டுரும். நான் பாத்திருக்கேன். ஐஸ் பெட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் மிதந்துச்சு. அதனால உள்ள வர்றவன் வர்ற வரைக்கும் வெளிய போறவன் ஆத்துக்குள்ளயே இஞ்சினைத் தணிச்சு நிப்பான். அவன் நிக்கிறான்னு தெரியாம நீங்க நுழையாதீங்க. வெளிய நின்னு நாலஞ்சு அலையை எண்ணுங்க. பெரிய அலை போனதும் அது முதுகோட ஒட்டி வாங்க.

காரைக்கால், புது டிரைவர்: ராத்திரி குறுக்க ஒரு படகு வந்தா நான் விலகணுமா, அவன் விலகணுமா மாமா?

உன் வலது பக்கத்துல அவன் இருந்தா நீ விலகணும். ராத்திரியில அதை விளக்கே சொல்லிடும் மருமவனே. ஒவ்வொரு படகுக்கும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. உனக்கு வலது பக்கத்துலேருந்து குறுக்க வர்றவனோட சிவப்புதான் உன் கண்ணுல படும். சிவப்பு தெரிஞ்சா நீ அடங்கி, அவனோட பின்பக்கமா சுத்திப் போகணும். பச்சை தெரிஞ்சா அவன் அடங்கணும். சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரிஞ்சா நேருக்கு நேர் வர்றான். ரெண்டு பேருமே வலது பக்கம் திரும்பணும்.

இப்ப பாதிப் படகு கல்யாண வீடு மாதிரி எல்.இ.டி. போட்டுக்கிட்டு வருது. அந்த வெளிச்சத்துல சிவப்பு எது பச்சை எதுன்னு யாருக்குத் தெரியும்? அதை அணைச்சாலே படகும் படகும் மோதுற இடி பாதி குறையும்.

இன்னொண்ணு. "வழி எனக்கு"ன்னு பசங்க பேசுறாங்க. 1972-ல போட்டு 1977-லேருந்து நடப்புல இருக்குற சர்வதேசக் கடல் விதி, யாரு விலகணும், யாரு வேகமும் திசையும் மாத்தாம போகணும்னு ரெண்டு வேலையைத்தான் பிரிச்சுக் குடுக்குது. மாத்தாம போறவனுக்கும் வேலை உண்டு. எதுத்தவன் விலகலைன்னு தெரிஞ்சா அஞ்சு குட்டி ஹாரன் அடி. அப்பவும் வந்தான்னா நீ தப்பிச்சுக்கோ. ஆனா இடது பக்கத்துலேருந்து வர்றவனுக்காக இடது பக்கம் திரும்பாத. கடைசி நேரத்துல அவன் வலது பக்கம் ஒடிப்பான், நீ நேரா அவன் மேல போய் விழுவ.

வேளாங்கண்ணி, பைபர் தொழில்: வலை போட்டிருக்குற படகுக்கு எல்லாரும் விலகணும்னு சொல்றாங்களே. துறைமுக வழியில போட்டாலும் அப்படித்தானா?

இல்லப்பா. வெளிக்கடல்ல சரி. குறுகலான வழியில வலை போடுறவன் அந்த வழியாப் போறவனை மறிக்கக்கூடாது. ஆத்து வாய்க்குக் குறுக்க செவுள்வலை கட்டிட்டு, பங்கா, அதான் படகுக்கு அடியில சுத்துற விசிறி, அறுத்துட்டுப் போச்சுன்னு வந்தா பஞ்சாயத்துலயும் எடுபடாது. தூண்டிலைப் பின்னால இழுத்துக்கிட்டு ஓடுறவனை விதி மீன் பிடிக்கிற படகாவே கணக்குல வைக்கல. அவனும் மத்தவங்க மாதிரிதான்.

அதே ஆள்: வெளிக்கடல்ல என் வலையை விசைப்படகு அறுத்துட்டா?

முதல்ல நம்ம பக்கத்தைச் சரி பண்ணுவோம். மீன் பிடிக்கிற படகுக்கு மேல சிவப்பு, கீழ வெள்ளை விளக்கு. இழுவை மடி, அதாவது இழுத்துக்கிட்டே போற வலை, போடுறவனுக்கு மேல பச்சை, கீழ வெள்ளை. வலை 150 மீட்டருக்கு மேல நீண்டு கிடந்தா, அது கிடக்குற பக்கமா இன்னொரு வெள்ளை விளக்கு.

அடுத்தது அவன் பக்கம். 1983-ல வந்த தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குச் சட்டப்படி கரையோரமா குறிச்ச எல்லைக்குள்ள விசைப்படகு தொழில் செய்யக்கூடாது. படகு நம்பரையும் நேரத்தையும் ஜி.பி.எஸ். இடத்தையும் உடனே குறிச்சுக்கோ. அறுந்த முனையைத் தூக்கிப் போட்டுராத, பங்கா வெட்டினது சுருண்டு சிதைஞ்சிருக்கும், பாத்தாலே தெரியும்.

நானே ஒரு தடவை அறுத்திருக்கேன். விடியக்காலம், தூக்கக் கலக்கம். போயா, அதான் வலையோட மிதவை, ஒண்ணு படகோரமா உரசிப் போறதைப் பாத்தும் "ஏதோ கிடக்கு"ன்னு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு அந்த ஊர் ஆளுங்க வலையோட வந்து எங்க பஞ்சாயத்துல உக்காந்தாங்க. ஊர்த் தலைவருங்க, அதான் நாட்டார், முன்னாடி ஒத்துக்கிட்டேன். ரெண்டு தடவை கடலுக்குப் போன பங்குப் பணம் போச்சு. அன்னிலேருந்து போயாவைப் பாத்தா கியரை நியூட்ரலுக்குத் தள்ளிடுவேன், பங்கா நின்னாப் பாதி வலை பிழைக்கும்.

அக்கரைப்பேட்டை, ஒரு தங்கச்சி: எங்க வூட்டுப் படகு நாலாவது வரிசையில கட்டிக் கிடக்கு. கூடையோட மூணு படகைத் தாண்டிப் போறப்ப திட்டுறாங்க.

திட்டுறவன் தப்பு. அடுக்கிக் கட்டினா உள்ள இருக்குறவன் நடக்க வழி விட்டாகணும். ஆனா நடக்குற முறை ஒண்ணு இருக்கும்மா. குரல் குடுத்துட்டு ஏறணும். பொட்டு வச்சு மாலை போட்டிருக்குற அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, செருப்போட மிதிக்கக்கூடாது. சமைக்கிற இடத்துக்குள்ள நுழையாம வெளியோரமாப் போகணும். காய வச்ச வலையைச் சுத்திப் போகணும், கால்ல இழுபட்டா அவனுக்கு அரை நாள் வேலை.

நடு வரிசைப் படகு கிளம்பினா வெளியில கட்டினவன் கயிறை அவிழ்த்து வழி விட்டு, திரும்பவும் கட்டித் தரணும். அவிழ்த்து ஆத்துல விட்டுட்டுப் போறவனை நான் மனுசக் கணக்குல வைக்கிறதில்ல.

தஞ்சாவூர், ஞாயித்துக்கிழமை தூண்டில்காரர்: வாடகைப் படகுல துறைமுக வாயில நங்கூரம் போட்டு மீன் பிடிக்கலாமா?

வேணாம் சார். அங்க மீன் இருக்கும், உண்மைதான். படகும் இருக்கும்.

தரங்கம்பாடி: மார்கழி மூடுபனியில ஹாரன் எப்படி?

ஓடிக்கிட்டிருந்தா ரெண்டு நிமிசத்துக்குள்ள ஒரு நீளம். நீளம்னா நாலுலேருந்து ஆறு வினாடி. கடல்ல இஞ்சினை நிறுத்தி மிதந்தா ரெண்டு நீளம். வலை போட்டிருந்தா ஒரு நீளம், ரெண்டு குட்டி. 12 மீட்டருக்குக் குறைஞ்ச பைபர்ல இதெல்லாம் இல்லேன்னா ஏதாவது ஒரு பலமான சத்தம் குடுத்தே ஆகணும். சோத்துப் பானையைத் தட்டியே ஊர் வந்து சேந்தவங்க இருக்காங்க. வி.எச்.எஃப். ரேடியோ இருந்தா 16-ஆம் சேனல்ல காது வைங்க. ஆபத்துன்னா கடலோரக் காவல் படைக்கு 1554.

நாகூர், படகு முதலாளி மகன்: தடைக்காலம் முடிஞ்சு எல்லாரும் ஒண்ணாக் கிளம்புறப்ப போன தடவை எங்க படகு மூணு இடத்துல இடி வாங்கிடுச்சு.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் ஆறு முழுக்க படகு அடைஞ்சு கிடக்கும். கிளம்புற வரிசை வெளியிலேருந்து உள்ளதான். முதல் நாள் சாயங்காலமே பக்கத்துப் படகு டிரைவர்களோட பேசி வரிசையைப் போட்டுக்கோ. ஆத்துக்குள்ள முந்தாத. டயரை ரெண்டு பக்கமும் தொங்க விடு, அணியத்துல ஒரு ஆள் நீளக் கழியோட நிக்கட்டும். ஆத்துல வேகமாப் போனா நீ கிளப்புற அலைக்குக் கட்டிக் கிடக்குற பைபரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டும்.

கயிறை அவிழ்க்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு தம்பி. ரெண்டு மாசம் ஓடாத படகு. கட்டின இடத்துலயே ரிவர்ஸ் கியர் பிடிக்குதான்னு போட்டுப் பாத்துக்கோ. உன் படகு இடி வாங்கினதுல ஒண்ணாவது அதனாலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.