மூன்றாவது நீட்டுக்கு முன், எலிக்கூண்டைப் பற்றிக் கொஞ்சம்

ஒரு தாய் எழுதியிருக்கிறார்: மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. பெரியப்பா மூன்றாவது முறை எழுதச் சொல்கிறார். அதுவும் தவறினால் நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாம் என்கிறார். பெண்ணோ விலங்கியல் படித்து, எலிக்குட்டிகளின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆராய வேண்டும் என்கிறாள். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்கிறார் அந்தத் தாய். பதறாதீர்கள் அம்மா, அவளுக்கு வயது இருக்கிறது.

ஆறுதல் இவ்வளவுதான். நிலத்தை விற்காதீர்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்கும் கல்லூரிகள் உண்டு; நாலரை ஆண்டில் கோடியை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு எம்.டி. இடத்துக்கு இன்னொரு நிலம் வேண்டும். வட்டியைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. நர்சிங், பார்மசி, பொறியியல் பற்றிச் சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவள் கேட்கும் துறை விளையாட்டல்ல. மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் ஆய்வுக்கூடம் இதைத்தான் செய்கிறது. 2015-இல் பட்நாகர் விருது, 2022-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். வளர்ந்தவர்களின் பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் ஃப்ளுவாக்செட்டின் மருந்தை எலிக்குட்டிகளுக்குப் பிறந்த 2-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை கொடுத்தால், வளர்ந்த பின் அவற்றின் பதற்றம் கூடுகிறது. அதே நாட்களில், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் 2ஏ, 2சி வகை ஏற்பிகளை அடைத்துவிட்டால் அப்படி ஆவதில்லை. மருந்து அதேதான், கொடுத்த வயதுதான் வேறு. இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எலியின் சினைக்காலம் சுமார் 22 நாள். குட்டிகள் கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். கண் திறக்க இரண்டு வாரம், பால் மறக்க 21 நாள். சின்ன வயதில் தாயைப் பிரிந்தால் பின்னால் என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனையில் 2-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை தினமும் 3 மணி நேரம் குட்டிகளைத் தனியே வைப்பார்கள். குட்டியால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. கீழே வெதுவெதுப்பு இல்லையென்றால் நீங்கள் அளப்பது பிரிவை அல்ல, குளிரை. திரும்ப விட்டதும் சில தாய்கள் வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக் கொடுக்கும். அதையும் பதிவு செய்யாவிட்டால் முடிவு பிரிவால் வந்ததா, நக்கிக் கொடுத்ததால் வந்ததா என்று தெரியாது. குட்டி தாயைக் கூப்பிடுவது சுமார் 40 கிலோஹெர்ட்சில்; நம் காதுக்கு 20-க்கு மேல் எட்டாது, தனி ஒலிவாங்கி வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே எலியைக் கூட்டல் குறி வடிவ மேடையில் விட்டு, சுவர் உள்ள கையில் பதுங்குகிறதா, திறந்த கைக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள்; பதுங்கினால் பதற்றம் அதிகம் என்று கொள்வார்கள். ஒரு சுற்றுக்கு நாலு மாதம் போய்விடும். ஈன்ற முதல் நாட்களில் கூண்டை அதிகம் கலைத்தால் தாயே குட்டிகளைத் தின்றுவிடக்கூடும். அந்தச் சுற்று மண்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு கணக்கில். ஒரே ஈற்றில் வந்த எட்டுக் குட்டிகளை எட்டு எலி என்று எண்ணிவிடுவார்கள். எட்டுக்கும் ஒரே தாய், ஒரே கூண்டு. கணக்கில் அது ஒன்றுதான். அதனால் பி.எஸ்சி. விலங்கியலோடு புள்ளியியலையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

வழி இது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி.; கட்டணம் ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கல்லூரியில் எலியைத் தொட வாய்ப்பு அநேகமாக இராது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது. கவலையில்லை. தெருநாய் ஈன்றிருந்தால் தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் தள்ளி நின்று படம் பிடித்து, பால் கொடுத்தது, நக்கியது, விலகியது என்று போரிஸ் என்ற இலவச மென்பொருளில் குறிக்கலாம். விண்ணப்பத்தில் அதற்கு மதிப்புண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் இந்திய அறிவியல் அகாதமிகளின் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். கடைசி ஆண்டில் மேலே சொன்ன டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் உயிரியல் நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதமும் கேட்பார்கள், விலங்கியல் மாணவர்கள் வழுக்குவது அங்கேதான். தேறினால் முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு, உதவித்தொகையோடு.

மறைக்க வேண்டாம்: முனைவர் பட்டத்துக்கு மட்டுமே ஐந்தாறு ஆண்டு ஆகும். நிரந்தர ஆராய்ச்சி வேலை முப்பதைத் தாண்டித்தான், அதுவும் சிலருக்கே. மற்றவர்களுக்கு மருந்துப் பாதுகாப்புச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. புது மருந்து கருவையும் குட்டியையும் பாதிக்கிறதா என்று எலிகளில் பார்க்க ஆள் தேவைப்படுகிறது.

இன்னொன்று. மூளையைப் பார்க்க வேண்டுமென்றால், கையால் வளர்த்த எலியைக் கடைசியில் கொல்ல வேண்டியிருக்கும். அது தன்னால் முடியுமா என்று அவளிடம் கேளுங்கள், பெரியப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.