நிலக்கரி ஆலையில் வேலை: தூசு, பெல்ட், பங்கர் பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் நிலக்கரியை உடைத்து, கழுவி, தரம் பிரிக்கும் ஆலைகளில் வேலை செய்பவர்களிடமிருந்து. கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் ஒரு சொல் இருக்கிறது: 'பழகிப்போச்சு'. தொழில்நோய் மருத்துவனாக எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் பயம்.

கேள்வி: மூன்று வருடமாகக் கிரஷர் பக்கம் வேலை. காலையில் துப்பினால் சளி கறுப்பாக வருகிறது. 'எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்' என்கிறார்கள். நாங்கள் சுரங்கத்துக்குள் போவதே இல்லை, தண்ணீரில்தான் கழுவுகிறோம். எங்களுக்குமா நுரையீரல் நோய் வரும், டாக்டர்?

வரும். கழுவும் இடம் ஈரமாக இருக்கலாம். அதற்கு முன்னால் உடைக்கிறீர்கள், சலிக்கிறீர்கள், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குக் கொட்டுகிறீர்கள். தூசு பிறப்பது அங்கேதான். நேற்றுச் சிந்திய சேறும் இன்று காய்ந்துவிட்டால், மேலே ஒரு வண்டி ஏறி இறங்கினாலே மாவாகப் பறக்கும்.

கறுப்புச் சளியைப் பார்த்துப் பதறுகிறீர்கள். அது வெளியே வந்துவிட்ட தூசு, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கியது. வெளியே வராததுதான் வம்பு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிற துகள் 4, 5 மைக்ரான்தான். அது காற்றில் மிதப்பது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போய்த் தங்கியதும் உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. நிமோகோனியோசிஸ் என்பது இதுதான், பேச்சு வழக்கில் கறுப்பு நுரையீரல் நோய். பெரும்பாலும் 10 வருடத்துக்கு மேல் தூசில் இருந்தவர்களிடம் தெரியவரும். ஆரம்பத்தில் இருமல்கூட இருக்காது. கட்டிய தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் சிலருக்கு நோய் வளர்ந்துகொண்டே போகும்.

இதைவிட நான் அதிகம் கவலைப்படுவது கல்லைப் பற்றி. நிலக்கரியோடு வரும் பாறைத் துண்டில் குவார்ட்ஸ் இருக்கும், அதாவது சிலிக்கா. அதையும் சேர்த்தே கிரஷர் அரைக்கிறது. சிலிக்கா கூடினால் தழும்பு வேகமாகக் கட்டும், காசநோய் தொற்றும் அபாயமும் கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

எவ்வளவு தூசு இருக்கலாம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் மூச்சோடு உள்ளே போகக்கூடிய நுண்தூசுக்கான உச்சவரம்பு 2016 ஆகஸ்டிலிருந்து ஒரு கனமீட்டர் காற்றுக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு முன் 2 ஆக இருந்தது. 1.5 மில்லிகிராம் என்பது ஒரு கடுகின் எடைகூட இல்லை. கண்ணால் பார்த்து 'இன்று தூசு குறைவு' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இடுப்பில் சிறு பம்பும் காலரில் ஃபில்டரும் மாட்டி ஒரு முழு ஷிப்டுக்கு அளக்க வேண்டும். உங்கள் பிரிவில் கடைசியாக எப்போது அளந்தார்கள், சிலிக்கா எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: சிகரெட்டை விட்டுவிட்டால் இந்த நோய் வராதுதானே?

நிமோகோனியோசிஸ் தூசால் வருவது, சிகரெட்டால் அல்ல. ஆனால் தூசும் புகையும் தனித்தனியாகவே மூச்சுக்குழாயைக் கெடுக்கும், சேர்ந்தால் இரட்டைச் சுமை. விட்டுவிடுங்கள். 'அவன் சிகரெட் பிடித்தான், அதனால்தான்' என்று நிர்வாகம் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலக்கரித் தூசால் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது.

கேள்வி: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள், 'நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். 14 வருட சர்வீஸ்.

எக்ஸ்ரே தழும்பைக் காட்டும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி வேண்டும்: மூச்சை முழுசாக இழுத்து, குழாயில் ஓங்கி ஊதி, கடைசித் துளி காற்று வரை விடாமல் ஊதுவது. அரைகுறையாக ஊதினால் முடிவும் அரைகுறைதான். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால்தான் சரிவு தெரியும். அதனால் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எக்ஸ்ரேயையும் படிக்கத் தெரிந்தவர் படிக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே மாதிரிப் படங்களும் 12 படிகள் கொண்ட அளவுகோலும் வைத்திருக்கிறது. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்வதுதான் முறை. ஓடுகிற ஓட்டத்தில் பார்த்துச் சொன்ன 'நார்மல்' வேறு, இது வேறு.

இன்னொன்று. டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு இரண்டு முறை காசநோய் மருந்து கொடுத்திருந்தார்கள், சளியில் ஒரு தடவைகூடக் கிருமி தெரிந்ததில்லை. என்ன வேலை என்று கேட்டேன். கிரஷரில் 19 வருடம் என்றார். அதுவரை யாரும் கேட்கவில்லையாம். ஆனால் சிலிக்காத் தூசில் இருந்தவருக்கு உண்மையிலேயே காசநோயும் வரும். அதனால் சளிப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

கேள்வி: துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறேன். போதாதா?

போதாது. பருமனான தூசைத் துண்டு தடுக்கும், நுண்தூசு நெய்த இழைகளுக்கு நடுவே சாதாரணமாகப் போய்விடும். என்-95 போன்ற மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது, ஓரமாகவே காற்று உள்ளே வரும். மாட்டியதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் சரியாக உட்காரவில்லை.

ஆனால் மாஸ்க் கடைசி வரிசைக் காவல். முதலில் தண்ணீர்த் தெளிப்பான், கொட்டுமிடத்துக்கு மூடி, தூசு உறிஞ்சும் குழாய். அப்புறம் ஒரு பழக்கத்தை இன்றோடு விடுங்கள்: ஷிப்ட் முடிந்ததும் கம்ப்ரெஸர் ஹோஸால் சட்டையை ஊதிக்கொள்வது. எட்டு மணி நேரம் துணியில் படிந்த தூசை அரை நிமிடத்தில் உங்கள் மூக்குக்கு நேராகவே கிளப்பிவிடுகிறீர்கள். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும் இதே கதைதான். நனைத்துப் பெருக்குங்கள், இல்லை வேக்குவம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பெல்ட் ஓடும்போதே கீழே சிந்திய கரியை மண்வெட்டியால் வாரச் சொல்கிறார் சூப்பர்வைசர். நிறுத்தினால் உற்பத்தி போய்விடுமாம். புல் கார்டு (இழுத்தால் பெல்ட்டை நிறுத்தும் கயிறு) இருக்கிறது, பயப்படாதே என்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான்.

தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள்.

பெல்ட் நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து என்று மூளைக்கு எட்டி கை அசைய அரை நொடியாவது ஆகும். அதற்குள் பெல்ட் ஒன்றரை மீட்டர் போயிருக்கும், உங்கள் கை நீளத்தின் இரண்டு மடங்கு. மண்வெட்டி கீழ்ப்பக்க ரோலரில் லேசாக உரசினால் போதும், பெல்ட்டும் ரோலரும் சேரும் இடுக்கு அதைப் பிடித்து இழுக்கும். அந்தக் கணத்தில் கை மண்வெட்டியை விடாது. வழுக்குகிற பொருளை இறுக்கிப் பிடிப்பது கையின் சுபாவம். மண்வெட்டி போகும் இடத்துக்குக் கையும் போகும். லூசான முழுக்கை, கழுத்துத் துண்டு, கையுறை எதுவானாலும் இதே கதிதான்.

புல் கார்டு விபத்து நடந்த பிறகு இழுக்கும் கயிறு. மாட்டியவரால் பல நேரம் அதை எட்டவே முடியாது. அதை இழுத்து நிறுத்திவிட்டு உள்ளே நுழைவதும் தப்பு. கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் அதை ரீசெட் செய்து திரும்ப ஓட்டிவிடலாம். முறை என்னவென்றால், மின்சாரத்தை மூலத்திலேயே துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது. நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்துவிட்டு இறங்குவது.

அதோடும் முடியவில்லை. மின்சாரம் போனாலும் பெல்ட் நகரலாம். பெல்ட்டை இறுக்கமாக வைக்கத் தொங்கும் எடைக்கல் இழுத்துக்கொண்டே இருக்கும். சரிவில் ஏறும் பெல்ட்டில் கரி நிறைந்திருந்தால் பின்னோக்கி உருளும். எடைக்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சூப்பர்வைசரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. 'பெர்மிட் எழுதிக் கொடுங்கள், செய்கிறேன்' என்று கேளுங்கள். ஓடும் பெல்ட்டுக்குக் கீழே இறங்கு என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க எவருக்கும் மனம் வராது.

விரல் துண்டாகிவிட்டால்: காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேராக விரலின்மேல் படக் கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும்.

கேள்வி: பங்கரில் (கரியைச் சேர்த்து வைத்துக் கீழ் வாய் வழியாக இறக்கும் பெரிய தொட்டி) கரி அடைத்துக்கொண்டால் ஒருவர் ஏறி நின்று குத்திவிடுவது எங்கள் வழக்கம். கயிறு கட்டிக்கொள்வதில்லை. ஆபத்தா?

ஆமாம், இந்தப் பக்கத்திலேயே மிகப் பெரிய ஆபத்து. மேலே கெட்டியாகத் தெரிவது பாலம் மாதிரி நிற்கும் கரி. கீழே வாய் திறந்து கரி போய்விட்டதால் உள்ளே வெறும் குழி. மிதித்தவுடன் சரியும். மார்பளவு புதைந்தாலே மூச்சுவிட விரிய இடம் இருக்காது.

காற்றும் நல்ல காற்றல்ல. நிலக்கரி தானாகவே ஆக்சிஜனை உறிஞ்சும், சூடேறினால் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், மீத்தேனையும் விடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மீட்டரில் 19.5க்குக் கீழே காட்டினால் உள்ளே போகக் கூடாது. உள்ளே விழுந்தவரைப் பார்த்து இன்னொருவர் குதிப்பது மனித சுபாவம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது. வெளியிலிருந்தே குத்துங்கள், வைப்ரேட்டர் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: காதில் 'ஙொய்ங்' என்று சத்தம். முன்பு ஸ்கிரீன் (கரியைச் சலிக்கும் இயந்திரம்) சத்தம் தாங்காது, இப்போது பழகிவிட்டது.

பழகவில்லை. கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது நியோஷ் பரிந்துரை. 3 டெசிபல் கூடினால் இருக்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85ஐத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனை, எடுங்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் சத்தத்தின் வேலைதான்.

கேள்வி: மிதவைத் தொட்டிப் பிரிவில் (நுண்கரியை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் இடம்) வேலை. கையெல்லாம் வெடிப்பு. தரையும் வழுக்குகிறது.

டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவுகிறீர்களா? பலர் செய்கிறார்கள். அது தோலின் எண்ணெய்ப் பசையையே எடுத்துவிடும். சோப்பும் தண்ணீரும் போதும், வேலைக்கு நைட்ரைல் கையுறை. வழுக்குவது பெரும்பாலும் சேற்றைப் படியவைக்கப் போடும் பாலிமர். சிந்தினால் முதலில் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் வழவழப்பாகும். மணல், மரத்தூள் மாதிரி காய்ந்த எதையாவது கொட்டி வாரிய பிறகே கழுவ வேண்டும்.

கேள்வி: குழாயில் மஞ்சள் முக்கோணப் பலகையோடு ஒரு பெட்டி இருக்கிறது. கதிர்வீச்சாம். பக்கத்தில் போகலாமா?

கரியும் தண்ணீரும் கலந்த குழம்பின் அடர்த்தியை அளக்கும் கருவி, உள்ளே பெரும்பாலும் சீசியம்-137. கடந்து போவதால் ஒன்றும் ஆகாது. அந்தக் குழாயைக் கழற்றும் முன் கதிரை அடைக்கும் ஷட்டரை மூடிப் பூட்டியிருக்க வேண்டும், அதைப் பொறுப்பாளர்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: என் கணவரின் வேலைச் சட்டையை வீட்டில்தான் துவைக்கிறேன். குழந்தைகளுக்கு ஏதாவது ஆகுமா?

உதறுவதைத்தான் தவிர்க்க வேண்டும் அம்மா. அவர் ஆலையிலேயே குளித்து, உடை மாற்றி வருவது நல்லது. முடியாவிட்டால் சட்டை கட்டிய பையில் வரட்டும், உதறாமல் தண்ணீரில் போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்று 4 வருடம். இப்போதுதான் நிமோகோனியோசிஸ் என்கிறார்கள். நான் கான்ட்ராக்ட் ஆள், கான்ட்ராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், காலக்கெடுவும் மாறும். பல இடங்களில் வேலையை விட்ட நாளிலிருந்து அல்லாமல், நோய் உறுதியான நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடுவார்கள். அதனால் டாக்டர் எழுதிய தேதி முக்கியம், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். எந்த வருடம் எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எந்தக் கான்ட்ராக்டரின்கீழ் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புக் கணக்கு, ஒரே ஷிப்டில் எடுத்த போட்டோ என எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட வேலை பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பாருங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை எவர் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.