கரை சேர்ந்த கன்டெய்னர், ஊர் சேராத பொருள்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், தெற்குக் கோடியிலுள்ள நிசான்ஜே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நன்கொடைப் பொருள்களைத் திரட்டி அனுப்பிய நண்பர் குழு ஒன்று, தன் அனுபவத்தை நமக்கு எழுதியிருந்தது. பள்ளிப் புத்தகங்கள், மிதிவண்டிகள், துணிமணிகள், சில கணினிகள் ஆகியவற்றை ஏற்றிய கன்டெய்னர் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்கிறது என்றும், துறைமுக வாடகை பொருள்களின் மதிப்பையே விழுங்கிவிடும் போலிருக்கிறது என்றும் அவர்கள் வருந்தியிருந்தார்கள். அக்கடிதத்தைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கும், அக்குழுவினரே கேட்ட கேள்விக்கும் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: கப்பல் கட்டணம் முழுவதும் கட்டப்பட்டுவிட்டது, பொருள்களும் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. அப்படியிருந்தும் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பது ஏன்? லஞ்சம் எதிர்பார்க்கிறார்களா?

பதில்: லஞ்சம் கேட்கப்படும் இடங்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நான் பார்த்தவரையில், நன்கொடைக் கன்டெய்னர்கள் தேங்கி நிற்பதற்கு முதற்காரணம், கப்பல் புறப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய காகித வேலைகள் முடியாமல் இருப்பதுதான்.

மலாவிக்குக் கடற்கரை கிடையாது. அங்கே போகும் சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா அல்லது நக்காலா, டான்சானியாவின் டார் எஸ் சலாம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற துறைமுகம் ஒன்றில் இறங்கி, வேறு நாட்டின் மண்ணைக் கடந்துதான் உள்ளே வர முடியும். பெய்ராவில் இறங்கும் பெட்டி மொசாம்பிக்கைப் பொறுத்தவரை தன் எல்லையைக் கடந்து செல்லும் சரக்கு மட்டுமே; ஆகவே அது நடுவழியில் திறக்கப்பட்டு விற்கப்படாது என்பதற்கான பிணையும் முத்திரையும் போர்த்துகீசிய மொழிப் படிவங்களும் தேவைப்படுகின்றன. அதற்குப் பிறகு லாரி டெட்டே நகரில் சாம்பசி ஆற்றைக் கடந்து, சோபுவே எல்லையைத் தாண்டி முவான்சாவில் மலாவிச் சுங்கத்தின் முன் நிற்கும்போது, அதே காகிதங்கள் மீண்டும் முதலிலிருந்து பார்க்கப்படும்.

இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதால் சுங்கத்தின் கணக்கில் அது விலையில்லாப் பொருளாகிவிடாது. வரிவிலக்கு வேண்டுமானால், அந்நாட்டில் முறையாகப் பதிவு பெற்ற அமைப்பு ஒன்று, உரிய அரசுத்துறையின் பரிந்துரையோடு, பொருள் வந்திறங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் கப்பல் ரசீதில் பெறுநராக அந்த அமைப்பின் பெயர் இல்லாமல், ஊரில் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் பெயரோ நண்பரின் பெயரோ இருந்தால், பெற்ற ஒப்புதலும் பயன்படாது போகும்.

அடுத்த தடை, பெட்டிகளின் உள்ளடக்கப் பட்டியல். ‘பலவகைப் பொருள்கள்’ என்று எழுதி அனுப்பப்பட்ட கன்டெய்னர் ஒன்றைச் சுங்கக் கிடங்கில் பிரித்தபோது நான் உடனிருந்தேன். சிமெண்டுத் தரையில் ஒவ்வோர் அட்டைப்பெட்டியாகக் கவிழ்த்தார்கள். மேலே பாடப்புத்தகங்கள், அவற்றின் கீழே பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டில்கள், இணை இல்லாத ஒற்றைச் செருப்பு, காலாவதியான இருமல் மருந்து. அந்த மருந்துப் பாட்டில் ஒன்றினால் முழுச் சரக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பெட்டிகளைப் பிரித்த சுங்க அதிகாரி மீது எனக்குக் கோபம் வரவில்லை. எவரோ தம் வீட்டு அலமாரியைக் காலி செய்த அவசரத்தின் சுமையை அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் வாடகை ஓடுகிறது. கட்டணமில்லாத சில நாள்கள் கழிந்ததும், துறைமுகத்துக்கு இட வாடகையும் கப்பல் நிறுவனத்துக்குப் பெட்டித் தாமதக் கட்டணமும் நாள்தோறும் ஏறும், பெரும்பாலும் டாலரில். மலாவியின் மைய வங்கி 2023 நவம்பரில் தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தபோது, டாலருக்கு ஏறத்தாழ 1,180 ஆக இருந்த விகிதம் 1,700 ஆனது. உள்ளூர் அமைப்புகள் குவாச்சாவில் சேர்த்து வைத்திருந்த போக்குவரத்துப் பணம் ஒரே நாளில் சுருங்கியது. டாலரில் கட்ட வேண்டிய வாடகையோ அப்படியே இருந்தது.

கேள்வி: எல்லையைத் தாண்டிய பிறகாவது லாரி நேராக ஊருக்குப் போய்விடாதா? கடைசிச் சில கிலோமீட்டருக்குத்தான் அதிகச் செலவு என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பிளாண்டயர் நகரிலிருந்து மலைச்சரிவில் இறங்கிச் சிக்வாவா வழியாக நிசான்ஜே செல்லும் நெடுஞ்சாலை ஷிரே ஆற்றுச் சமவெளியினூடே போகிறது. அந்த நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குத் திரும்பும் மண்பாதையில்தான் சோதனை தொடங்குகிறது. அப்பகுதியில் பரவலாக இருப்பது கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண், நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்காலத்தில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது. பெரிய லாரி புதைந்தால் இழுத்தெடுக்க வேறொரு வண்டி நகரத்திலிருந்து வர வேண்டும்; அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் எரிபொருள் நிலையங்களில் வரிசை நீளும் காலங்களில் அந்த வண்டிக்கு டீசல் கிடைப்பதும் உறுதியில்லை.

வெள்ளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2015 ஜனவரி வெள்ளத்தில் ஷிரே ஆற்றின் கிழக்கேயுள்ள மக்காங்கா பகுதி துண்டிக்கப்பட்டது. பங்குலா என்னும் ஊரிலிருந்து அங்கே போக மக்கள் படகையும் தோணியையும் நம்ப வேண்டியதாயிற்று. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரையே தாக்கியது. 2022 ஜனவரியில் ஆனா புயலும் 2023 மார்ச்சில் ஃபிரெடி புயலும் தென் மலாவியின் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றன. ஆகவே அனுப்புகிறவர்கள் தங்களுக்கு வசதியான நாளைப் பார்த்துக் கப்பலில் ஏற்றாமல், மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் பொருள் ஊருக்குள் நுழையும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு நாள் குறிக்க வேண்டும்.

கடைசித் தொலைவை மாட்டு வண்டியும் மிதிவண்டியும்தான் கடக்கும் என்று வைத்துக்கொண்டு பெட்டி கட்டுங்கள். ஓர் ஆள் தனியே தூக்கி, மிதிவண்டியின் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டக்கூடிய எடையைத் தாண்டாதிருப்பது நல்லது. புத்தகங்களைப் பெரிய அட்டைப்பெட்டியில் அடைப்பவர்கள், பாதி வழியில் அடிப்பக்கம் பிய்ந்து அவை சேற்றில் விழும் காட்சியை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கனமான பிளாஸ்டிக் உறை போடுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கேள்வி: எங்கள் மருத்துவ நண்பர்கள், தங்களிடமுள்ள மாதிரி (சாம்பிள்) மருந்துகளைத் தருவதாகச் சொல்கிறார்கள். அவற்றையும் சேர்த்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே மருந்து நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெறும் நாடு கேட்காத மருந்தை அனுப்பக் கூடாது, நோயாளிகளிடம் கொடுத்துத் திரும்பப் பெற்றதையும் மாதிரிகளையும் அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. எரித்திரியாவின் விடுதலைப் போர்க்காலத்தில் ஏழு லாரி நிறையக் காலாவதியான ஆஸ்பிரின் மாத்திரைகள் வந்து சேர்ந்து, அவற்றை எரித்து முடிக்க ஆறு மாதங்கள் ஆனதாக அந்நிறுவனமே எடுத்துக்காட்டியிருக்கிறது. உங்கள் நண்பர்களின் அக்கறை மெய்யானது. மாவட்ட மருத்துவமனையிடம் தேவை என்னவென்று எழுதிக் கேட்டு, அதற்கான பணத்தை அவர்கள் கொடுக்கட்டும்.

கேள்வி: உடுத்திய துணிகளை அனுப்புவது உள்ளூர்த் தையற்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்கிறார்களே, மிகைப்படுத்தலா?

பதில்: மிகையென்று தள்ளிவிட முடியாது. 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்க நாடுகளில் ஆடை உற்பத்தி குறைந்ததில் சுமார் 40 விழுக்காட்டையும், அத்துறையில் வேலைவாய்ப்பு குறைந்ததில் சுமார் 50 விழுக்காட்டையும் பழந்துணி இறக்குமதி விளக்குகிறது என்று பொருளாதார அறிஞர் கார்த் ஃபிரேசர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதேசமயம், மலாவியில் ‘கவுன்ஜிக்கா’ எனப்படும் பழந்துணிச் சந்தையை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிகளும், அங்கே வாங்குவதால் மட்டுமே பிள்ளைகளுக்கு நல்ல உடை போட முடிகிற குடும்பங்களும் ஏராளம் என்பதையும் மறக்கக் கூடாது. என் கருத்து இதுதான்: ஏற்கெனவே பழந்துணி குவிந்து கிடக்கும் நாட்டுக்குக் கப்பல் வாடகை கொடுத்து மேலும் துணி அனுப்புவதில் பொருளில்லை. வீடிழந்த குடும்பத்துக்குப் போர்வையும் பாத்திரமும் தார்ப்பாயும் வேண்டுமானால், அவை பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயின் கடைகளிலேயே கிடைக்கின்றன.

கேள்வி: பழைய கணினிகள்?

பதில்: பள்ளியில் மின்சாரம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள், மலாவியின் பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் இல்லை. இருந்தால், அது 230 வோல்ட், மூன்று செவ்வக முனைகள் கொண்ட பிரிட்டன் வகைச் செருகி. 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட கருவி முதல் நாளே எரிந்துபோகும்.

கேள்வி: பொருள்கள் ஊர் சேர்ந்த பின் ஊர்த்தலைவரே எடுத்துக்கொள்வார் என்று பயமாக இருக்கிறது. நாங்களே நேரில் போய்ப் பிரித்துக் கொடுத்தால் என்ன?

பதில்: நேரில் போவது நல்லதே. ஆனால் ஊர்த்தலைவரை விலக்கிவிட்டுக் கொடுக்க முயல்வது பெரும் பிசகில் முடியும். மலாவியின் கிராமங்களில் ஊர்த்தலைவர், பல ஊர்களுக்கான குழுத்தலைவர், அவர்களுக்கு மேலே மரபுவழி ஆட்சியாளர் என்று அடுக்கு இருக்கிறது. கூடவே கிராம வளர்ச்சிக் குழுவும், மாவட்ட ஆணையரின் அலுவலகமும் உண்டு. இவர்கள் எவருக்கும் தெரியாமல் வந்து நிற்கும் லாரி, விருந்தாளியாக அன்றி ஐயத்துக்குரியதாகவே பார்க்கப்படும்.

பயன்பெறுவோர் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கேட்க உரத்துப் படிப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பை நான் கண்டதில்லை. அப்படி ஒரு கூட்டத்தில், பட்டியலிலிருந்து விடுபட்ட விதவை ஒருவரின் பெயரைப் பின்வரிசைப் பெண்கள் நால்வர் ஒரே குரலில் சொன்னதும், எழுத்தர் மறுபேச்சின்றிச் சேர்த்துக்கொண்டார். வெளியூர்க்காரர் எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெட்டிகள் முத்திரையோடு வந்தனவா என்று சரிபார்ப்பதையும் அந்தக் கூட்டத்திலேயே செய்யுங்கள். பொருள்கள் குடும்பங்களின் எண்ணிக்கைக்குப் போதாவிட்டால், ஆளுக்கொன்றாகப் பிரிக்காமல் பள்ளிக்கோ சுகாதார மையத்துக்கோ பொதுவாகக் கொடுத்துவிடுவதே ஊருக்குள் மனத்தாங்கலைத் தவிர்க்கும். அடுத்த ஊரையும் கேளுங்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த போர்வையை ஒரு குடும்பம் சந்தையில் விற்று மக்காச்சோளம் வாங்கினால், அதை ஏமாற்று என்று எண்ணாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, அறுவடைக்கு முந்தைய மாதங்களில், பல வீடுகளில் குதிர் காலியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் எது முதலில் வேண்டும் என்பதை அந்த வீட்டுத் தாய் நன்றாக அறிவாள்.

கேள்வி: அப்படியானால் பொருளே அனுப்ப வேண்டாமா? கைப்பம்பு, பள்ளி பெஞ்சு போன்றவற்றைத் தர விரும்புகிறோம்.

பதில்: இரண்டையும் அங்கேயே வாங்குங்கள். மலாவியின் கிராமங்களில் பரவலாக உள்ளது ‘அஃப்ரிடேவ்’ வகைக் கைப்பம்பு. 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் நடந்த சோதனைகளின் வழியே, ஊர்மக்களே கழற்றிப் பழுதுபார்க்கும்படி உருவாக்கப்பட்டது அது. அதன் வாஷர்களும் கம்பிகளும் உள்ளூரில் கிடைக்கும். நீங்கள் வேறு வகைப் பம்பை அனுப்பினால், முதல் வாஷர் தேய்ந்ததும் ஊர்ப்பெண்கள் பழையபடி ஆற்றுக்கு நடப்பார்கள். பெஞ்சு விஷயத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியாளர் லாரன்ஸ் ஓ’டானல், மலாவிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிப்பதைக் கண்டு யூனிசெஃப்புடன் சேர்ந்து 2010-இல் தொடங்கிய திட்டத்தில், பெஞ்சுகள் மலாவியிலேயே செய்யப்படுகின்றன. கப்பலும் இல்லை, சுங்கமும் இல்லை; அங்குள்ள தொழிலாளர்களுக்குக் கூலியும் கிடைக்கிறது.

அங்கே கிடைக்காத பொருளை மட்டும் அனுப்புங்கள். அதற்கும் நிதி திரட்டும்போதே துறைமுகச் செலவு, சுங்க முகவர் கட்டணம், உள்நாட்டு லாரி வாடகை, கிடங்கு வாடகை ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘என் பணம் ஏழைக்குப் போக வேண்டும், லாரிக்காரருக்கு அல்ல’ என்று சொல்லும் நன்கொடையாளரிடம், லாரி போகாவிட்டால் ஏழைக்கு எதுவும் போகாது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (நண்பர் குழுவிடமிருந்து): எங்கள் கன்டெய்னர் இன்னும் பெய்ராவில்தான் நிற்கிறது. இப்போது நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில், இன்றைய தேதி வரைக்குமான நிலுவைத் தொகையைத் துறைமுகத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் தனித்தனியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்கொடைச் சரக்கு என்பதற்கான சான்றுகளோடு, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ குறைக்கவோ கோரி இரண்டு இடங்களிலும் மனுக் கொடுங்கள். கப்பல் நிறுவனங்கள் இத்தகைய கோரிக்கைகளைச் சில வேளைகளில் ஏற்பதுண்டு. பெறுநர் பெயர் தனிநபருடையதாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே வரிவிலக்கு பெற்றுப் பழகிய பதிவு பெற்ற அமைப்பு ஒன்று பிளாண்டயரில் சம்மதித்தால், கப்பல் ரசீதில் பெயரை மாற்றித் தரும்படி கப்பல் முகவரிடம் கேளுங்கள். புத்தகங்களும் மிதிவண்டிகளும் நிசான்ஜே வரை போகாமல் அந்த அமைப்பின் வழியே அருகிலுள்ள பள்ளிகளுக்குப் போனாலும் சம்மதம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கட்ட வேண்டிய தொகை பொருள்களின் மதிப்பைத் தாண்டிவிட்டால், முறைப்படி சரக்கைக் கைவிடுவதாக எழுதிக்கொடுப்பதால் உங்கள் மீது என்ன பொறுப்பு மிஞ்சும் என்பதைச் சுங்க முகவரிடம் கேட்டறிந்துகொண்டு, மீதமுள்ள நிதியை அந்த ஊர்ப் பள்ளிக்கே அனுப்பிவிடுங்கள். எதுவானாலும், காத்திருக்கும் ஊர்மக்களுக்கு நடந்ததை இந்த வாரமே தெரிவித்துவிடுங்கள்.